கீபோர்டு துடைக்கும் பசை கிறிஸ்துமஸ் பரிசாக வந்திருக்கிறது. உப்புக்காற்றுக்கு இது ஆகுமா?

தங்கச்சிமடத்தான்
டிசம்பர் 26, இரவு 9.40

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பண்டிகை முடிந்த கையோடு ஒரு புலம்பல், கூடவே ஒரு சந்தேகம்.

தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ், மனு டைப் அடிப்பது, ரிசல்ட் எடுத்துக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. கடை வாசல் வடக்குப் பார்த்தது. வாடை ஆரம்பித்தால் காற்று நேராக உள்ளேதான் வரும். ஒரு கீபோர்டு ஒரு வருஷம் தாண்டினால் அதிசயம். முதலில் ஓர் எழுத்து இரண்டு தடவை விழும். அப்புறம் ஸ்பேஸ் பார் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழாது. கடைசியில் ஒரு பகுதி எழுத்துகள் மொத்தமாகப் படுத்துவிடும்.

குவைத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரருக்கு இந்தக் கதை தெரியும். "உன் கடைக்குன்னே ஒரு சாமான் வாங்கி வச்சிருக்கேன் மாப்ளே, இனி கீபோர்டு கவலையே இல்லை" என்று நவம்பரிலேயே சொன்னார். பார்சலும் வந்தது, நல்ல நீளமான பெட்டி. வீட்டில் எல்லோரும் அது மெக்கானிக்கல் கீபோர்டுதான் என்று முடிவே கட்டிவிட்டோம். நடுச்சாமப் பூசை முடிந்து வந்து பிரித்தால், டப்பாவில் பச்சை நிறப் பசை, யூஎஸ்பியில் ஓடும் கையளவு வேக்குவம் கிளீனர், கீயைப் பிடுங்கும் கொக்கி, ஒரு குட்டி பிரஷ். மிச்சம் முழுக்கத் தெர்மாகோல்.

பசையைக் கீபோர்டில் வைத்து அமுக்கி எடுத்தால் அழுக்கு ஒட்டிக்கொண்டு வருமாம். காலையில் ஓரளவு வந்தது. மத்தியானப் புழுக்கத்தில் அதே பசை நூல் நூலாக இழுபட்டுக் கீகளுக்கு நடுவில் இறங்கிவிட்டது. வேக்குவம் கிளீனர் சத்தத்தில் விசைப்படகு. ஆனால் ஒரு மிக்சர் துண்டைத் தூக்க மறுக்கிறது.

இரண்டு கேள்வி. இந்தக் காற்றில் கீபோர்டைக் காப்பாற்ற உண்மையிலேயே வழி இருக்கிறதா? மச்சான் தினமும் வீடியோ காலில் "எப்படி வேலை செய்யுது?" என்று கேட்கிறாரே, அவருக்கு என்ன சொல்வது?


மூக்கையூர்_வலை
டிசம்பர் 26, இரவு 10.15

பசையாவது புதுசாக வந்ததே என்று சந்தோஷப்படு.

எங்கள் பங்குக் கோயில் இளைஞர் குழுவில் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் சீட்டுப் போடுவோம், யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பரிசு கொடுக்க வேண்டும். நான் நல்ல டார்ச் லைட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், ராத்திரி கரையில் நிற்பவனுக்கு உதவுமே என்று. எனக்கு வந்தது சோப்பு டப்பா. உள்ளே சோப்பு இல்லை. சரி போகட்டும் என்று அடுத்த வருஷம் அதையே வேறு ஒருவனுக்குத் தள்ளிவிட்டேன். இந்த வருஷம் அந்த டப்பா திரும்ப என்னிடமே வந்துவிட்டது. மூடியில் இருந்த கீறல் அப்படியே இருக்கிறது. நடுவில் எத்தனை பேர் கை மாறியதோ.

கீபோர்டு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மச்சானிடம் "சூப்பர்" என்று சொல்லிவிடு.


மண்டபம்_சர்வீஸ்
டிசம்பர் 27, காலை 7.05

மொபைல், லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தம்பி, உன் எதிரி தூசி இல்லை, உப்பு. அந்தப் பரிசுப் பெட்டி முழுக்கத் தூசிக்குச் செய்தது. தூசி மேலே உட்காரும், ஒட்டியோ உறிஞ்சியோ எடுத்துவிடலாம். அலை உடையும்போது கிளம்பும் நுண்துளி காற்றில் காய்ந்து உப்பாகக் கீக்கு அடியில் இறங்குகிறது. அதைப் பசை தொடக்கூட முடியாது.

இறங்கின உப்பு சும்மாவும் இருக்காது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாப்பாட்டு உப்பு தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நசநசக்கும். மழைக்காலத்தில் அடுப்படியில் கல் உப்பு ஜாடி கசிகிறதே, அதுதான் உன் கீபோர்டுக்குள்ளும் நடக்கிறது. உப்புத்தண்ணீர் மின்சாரம் கடத்தும், அதனால் ஓர் எழுத்து இரண்டாக விழும். பிறகு உலோகத்தை அரிக்கும்.

சாதாரண கீபோர்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மூன்று பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். மேலும் கீழும் உள்ள ஷீட்டில் வெள்ளி அல்லது கார்பன் மையில் அச்சடித்த கோடுகள், நடுவில் ஓட்டை போட்ட ஷீட். கீயை அமுக்கினால் ரப்பர் குமிழ் அமுங்கி ஓட்டை வழியாக இரண்டு கோடும் தொடும். அவ்வளவுதான் கீபோர்டு. ஒரே ஓர் எழுத்து மக்கர் செய்தால் பெரும்பாலும் அழுக்கு. சில எழுத்துகள் சேர்ந்தாற்போல் போனால் ஷீட்டில் ஒரு கோட்டையே உப்பு தின்றிருக்கிறது என்று அர்த்தம். அதைத் துடைத்துப் பிரயோஜனமில்லை.

மண்டபத்தில் காரைக்குடி சிக்ரிக்காரர்கள் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்கென்றே நிலையம் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தோதான காற்று நம் காற்று. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்திலேயே அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டு, 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தைத் திறந்தார்கள். பாலத்துக்கே அந்தக் கதி என்றால் சில நூறு ரூபாய் கீபோர்டு எம்மாத்திரம்.

செய்ய வேண்டியது: வயரைக் கழற்று. கவிழ்த்துத் தட்டு. ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ், புதுசு, அதை வைத்து வரிசை வரிசையாகத் தள்ளு. படம் எடுத்து வைத்துக்கொண்டு கீகளைப் பிடுங்கு (உன் மச்சான் அனுப்பியதில் அந்தக் கொக்கி ஒன்றுதான் உருப்படி). கீகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி நிழலில் காயவை. அடித்தட்டை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடை. கடைசியாக ஐபிஏ, அதாவது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு இன்னொரு துடை. ராத்திரி முழுக்கக் காயட்டும்.


பாம்பன்_பொண்ணு
டிசம்பர் 27, காலை 11.30

அண்ணே, ஒரு சந்தேகம். யூடியூபில் எல்லோரும் 99 சதவீத ஐபிஏ ஒன்றே போதும், தண்ணீர் பக்கமே போகாதே என்கிறார்கள். நீங்கள் முதலில் தண்ணீர் என்கிறீர்களே?

என் பரிசுக் கதையும் கேளுங்கள். அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பைத்தான் நான் வைத்திருக்கிறேன். இயர்போன் வேண்டும் என்று அம்மாவிடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்கியதிலிருந்து ஜாடைமாடையாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா ராமநாதபுரம் போய் வாங்கி வந்தது சிலிக்கான் கீபோர்டு கவர். அதுவும் வேறு மாடலுக்கு உரியது, என்டர் கீ இருக்கும் இடத்தில் கவரில் வேறு ஏதோ மேடு. "உப்புக்காத்து படாம இருக்கும்ல" என்று அம்மா முகத்தைப் பார்த்தபோது ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.


ஃபைபர்_வள்ளம்
டிசம்பர் 27, மதியம் 1.10

இவ்வளவு எதற்கு? எங்கள் படகு கட்டும் யார்டில் ரெசின் பட்ட கையைக் கழுவ அசிட்டோன் கேனில் இருக்கிறது. துணியில் தொட்டு ஒரே இழு, கீபோர்டு பளிச்.


மண்டபம்_சர்வீஸ்
டிசம்பர் 27, மதியம் 1.25

ஐயா, தயவுசெய்து அதை யாரும் செய்துவிடாதீர்கள். சாதாரணக் கீபோர்டின் கீகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் கரையும். முதலில் எழுத்து போகும், அடுத்து கீயின் மேல்பக்கம் குழைந்து விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும். அப்படி ஒன்று என் மேஜையிலேயே கிடக்கிறது, கொண்டு வந்தவர் திரும்ப வாங்க வரவில்லை. விலை கூடின கீபோர்டுகளில் வரும் பிபிடி பிளாஸ்டிக் அசிட்டோனைத் தாங்கும். ஆனால் எது ஏபிஎஸ், எது பிபிடி என்று பார்த்துக் கண்டுபிடிக்க எல்லோராலும் முடியாது. தின்னரும் அதே கதைதான்.

பாம்பன் தங்கச்சிக்கு: யூடியூப்காரர் ஏசி அறையில் இருந்து பேசுகிறார். அவர் கீபோர்டில் இருப்பது கை எண்ணெய், தூசி, கொட்டின காப்பி. எண்ணெய்க்கு ஐபிஏ பிரமாதம். உப்பு அதில் கரையாது. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு மூடியில் ஐபிஏ ஊற்றி ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பார்.

தண்ணீர்தான் உப்பைக் கரைக்கும். ஐபிஏவின் வேலை அந்தத் தண்ணீரை விரட்டிச் சீக்கிரம் காய வைப்பது. 70 சதவீத ஐபிஏவில் மீதி தண்ணீர் என்பதால் அவசரத்துக்கு அது ஒன்றே இரண்டு வேலையும் ஓரளவு செய்யும். ஆனால் சானிடைசரை ஊற்றாதே, அதில் கிளிசரின் இருக்கிறது, பிசுபிசுப்பு அப்படியே தங்கிவிடும். எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஐபிஏ அதன் பசையையும் இளக்கிவிடும், பார்த்துத் தொடு.

லேப்டாப்புக்கு இதெல்லாம் வேண்டாம். அதன் கீகளுக்கு அடியில் மெல்லிய கத்தரி மாதிரிக் கிளிப் இருக்கும், பிடுங்கினால் உடையும். அணைத்துவிட்டுச் சாய்த்துப் பிடித்துப் பிரஷ் போடு, பிழிந்த துணியால் துடை, போதும். கவர் போட்டிருந்தால் வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவு. கவருக்கு அடியில் ஈரம் தேங்கினால் கவர் இல்லாததைவிட மோசம்.


பாம்பன்_பொண்ணு
டிசம்பர் 27, மாலை 5.50

போட்டுப் பார்த்தேன் அண்ணே. ஐபிஏ மூடியில் உப்பு அப்படியே அடியில் உட்கார்ந்திருக்கிறது, கலக்கினாலும் மணல்போல் சுற்றிவிட்டு மறுபடி கீழே போகிறது. பக்கத்து மூடியில் தண்ணீர் ஊற்றினதும் காணோம். தம்பிக்கு ஒரே ஆச்சரியம்.

இன்னொன்று. கீபோர்டை வேலை செய்யும்போதே துடைக்கிறவர்களுக்கு: வலது ஷிஃப்ட்டை எட்டு விநாடி அமுக்கிப் பிடித்தால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் வந்துவிடும். அப்புறம் தட்டுவது எதுவும் விழாதது மாதிரி இருக்கும். போன மாதம் எங்கள் கல்லூரி லேபில் ஒரு கீபோர்டு கெட்டுப்போனதாகத் தூக்கியே வைத்துவிட்டார்கள், விஷயம் இவ்வளவுதான். துடைக்கும் முன்பு வயரை எடுத்துவிடுங்கள்.


தங்கச்சிமடத்தான்
டிசம்பர் 27, இரவு 8.30

அண்ணே, டிஸ்டில்டு வாட்டர் என்று குறிப்பாகச் சொன்னீர்களே, குடிதண்ணீர் கேன் ஆகாதா? எங்கள் வீட்டு ஏசியில் இருந்து சொட்டுகிற தண்ணீரும் சுத்தம்தான் என்கிறார்களே?


மண்டபம்_சர்வீஸ்
டிசம்பர் 27, இரவு 9.00

போர் தண்ணீர் அறவே கூடாது, நம் பக்கத்தில் அதிலேயே உப்பு. கேன் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் காய்ந்ததும் கொஞ்சம் படிவு விடும். ஏசித் தண்ணீர் பிறக்கும்போது சுத்தம்தான், ஆனால் அது வழிந்து வருகிற காயிலில் நம் ஊர் உப்பும் தூசியும் படிந்திருக்கும். பேட்டரிக் கடையில் இன்வெர்ட்டருக்கு ஊற்ற விற்கிறார்களே, அதே டிஸ்டில்டு வாட்டர். விலை ஒன்றும் பெரிதில்லை. ஒரு கேன் வாங்கினால் உன் கடைக் கீபோர்டு எல்லாவற்றுக்கும் வரும்.


ஓய்வு_டைப்டீச்சர்
டிசம்பர் 28, காலை 6.20

தொண்டியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவள். உங்கள் பேச்சைப் படித்தேன், சுவாரசியமாக இருக்கிறது. ஆனால் ஒருவராவது "மூடி வை" என்று சொல்லவில்லையே.

கடைசி பேட்ச் போனதும் ஒவ்வொரு மெஷினுக்கும் உறை போட்டுவிட்டுத்தான் பூட்டுவேன். காலையில் உறையை உதறும் வேலை முதலில் வரும் பிள்ளைக்கு. எழுத்து அச்சுகளை விறைப்பான பிரஷ்ஷால் தேய்ப்பது, கம்பிகளுக்கு லேசாக எண்ணெய் காட்டுவது எல்லாம் வாராந்திர வேலை. கடல் கூப்பிடு தூரம்தான். இரும்பு மெஷின்கள், அப்படியும் வருஷக்கணக்கில் ஓடின. இப்போது உள்ளவை பிளாஸ்டிக், ராத்திரி முழுக்க ஜன்னலைத் திறந்துபோட்டு அப்படியே விட்டுவிட்டுப் போகிறீர்கள். பழைய வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டால்கூடப் போதும்.

பரிசு விஷயம்: கிறிஸ்துமஸுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் பிள்ளைகள் சேர்ந்து பேனா செட் வாங்கித் தருவார்கள். பெட்டியோடு மேஜை இழுப்பறை நிறைய இருக்கிறது. டைப்படிக்கச் சொல்லித்தருபவளுக்குப் பேனா! ஒரு வருஷமாவது ஒரு ரிப்பன் சுருள் வாங்கித் தந்திருக்கலாம். பாதிப் பேனாக்களில் மை உறைந்துவிட்டது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.


கீழக்கரை_காக்கா
டிசம்பர் 28, காலை 10.45

டீச்சர் சொல்வதுதான் நியாயம். தங்கச்சிமடம் தம்பிக்கு நான் மச்சான் பக்கத்து வக்கீலாகப் பேசுகிறேன்.

துபாயில் நீண்ட காலம் ஆபீஸ் வேலை பார்த்தேன். டிசம்பரில் அங்கேயும் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுப்பார்கள், எல்லா மதத்துக்காரர்களும் உண்டு. எனக்கு ஒரு வருஷம் இதே பசை வந்தது. அங்கே அது பிரமாதமாக வேலை செய்தது! ஏன்? நாள் முழுக்க ஏசி, உலர்ந்த காற்று. வெளியிலிருந்து வருவது மாவு மாதிரி மணல் தூசி. பசை இளகாது, தூசி ஒட்டிக்கொண்டு வரும். ஊருக்கு வரும்போது நானும் ஒன்று கொண்டு வந்தேன். உம்மா அதை ஏதோ அல்வா என்று நினைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார்கள், அது வேறு கதை.

உன் மச்சானும் அவர் மேஜையில் அது வேலை செய்வதைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார். ஏமாற்றமான பரிசுகளில் முக்கால்வாசி இப்படித்தான். கொடுக்கிறவர் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்து யோசிக்கிறார். உன் கீபோர்டு கெடுகிறது என்று ஞாபகம் வைத்திருந்தாரே. மூக்கையூர்க்காரரின் சோப்பு டப்பாவில் அந்த அக்கறைகூட இல்லை.

ஆனால் "சூப்பர்" என்று பொய் சொல்லாதே. சொன்னால் அடுத்த வருஷம் இரண்டு டப்பா வரும்.


மூக்கையூர்_வலை
டிசம்பர் 28, காலை 11.02

காக்கா சொன்னதில் கடைசி வரி மட்டும் எனக்கு வலிக்கிறது.


ராமேஸ்வரம்_லாட்ஜ்
டிசம்பர் 28, இரவு 11.50

ரிசப்ஷனில் நைட் டியூட்டி, இப்போதுதான் கூட்டம் ஓய்ந்தது. என் கஷ்டமும் கேளுங்கள். யாத்ரீகர்கள் அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல் போட்டு, கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, சொட்டச் சொட்ட வந்து கவுன்டரில் சாய்வார்கள். ஈரக் கையோடு "ரூம் நம்பர் டைப் பண்ணுங்க சார்" என்று கீபோர்டைக் காட்டித் தட்டுவார்கள். காற்றே தேவையில்லை, கடலே நேரடியாக விழுகிறது.

நான் செய்தது, கீபோர்டை மேஜைக்கு அடியில் இழுக்கும் பலகைக்கு மாற்றிவிட்டேன், கவுன்டர் விளிம்பில் ஒரு துண்டை மடித்து வைத்தேன். அதன் பிறகு கீபோர்டு மாற்றவே இல்லை. மேலே ஸ்பிரே கேன் அடித்துச் சுத்தம் செய்யலாம் என்று ஒருவர் விற்க வந்தார். பல கேன்களில் இருப்பது எரியும் வாயு, சூடம் கொளுத்தி வைத்திருக்கும் இடத்தில் அது வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

பரிசா? லாட்ஜில் எல்லாப் பண்டிகைக்கும் ஒரே பரிசுதான், காலண்டர்.


தங்கச்சிமடத்தான்
டிசம்பர் 30, இரவு 10.10

செய்து பார்த்தாயிற்று. நேற்று கடை விடுமுறை என்பதால் எல்லாக் கீபோர்டையும் பரப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

கீகளைப் பிடுங்கியதும் உள்ளே பார்க்கச் சகிக்கவில்லை. முடி, ரப்பர் தூள், ஒரு மீன் செதில் (விண்ணப்பம் போட ஏலக்கூடத்திலிருந்து நேராக வருகிறவர்கள் உபயம்), அதற்கு மேல் வெள்ளையாகப் பூத்த உப்பு. மச்சானின் பச்சைப் பசை மிச்சமும் ஓரங்களில் ஒட்டியிருந்தது, வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷ் போட்டதும் வந்துவிட்டது. பேட்டரித் தண்ணீர், பிறகு ஐபிஏ, மின்விசிறிக்கு அடியில் காய வைத்தேன். எழுத்து இரட்டையாக விழுந்த கீபோர்டுகள் எல்லாம் சரியாகிவிட்டன. ஒரு பக்கமே படுத்துவிட்ட கீபோர்டு மட்டும் எழவில்லை, சர்வீஸ் அண்ணன் சொன்னபடி ஷீட்டில் கோடு கறுத்து அறுந்து போயிருக்கிறது. அதை உதிரிக் கீகளுக்காக எடுத்து வைத்துவிட்டேன்.

டீச்சர், இன்று பூட்டும்போது எல்லாவற்றுக்கும் துணி போட்டேன். அம்மாவின் பழைய வாயில் சேலை. கடையைப் பார்த்தால் தவக்காலத்தில் சுரூபங்களை மூடி வைத்த கோயில் போல இருக்கிறது என்று பக்கத்து டீக்கடைக்காரர் சிரிக்கிறார்.

மச்சானிடம் நேற்று பேசினேன். "கொக்கி அருமை மச்சான், அது இல்லாம இந்த வேலையே நடந்திருக்காது. பசை மட்டும் நம்ம ஊர் புழுக்கத்துக்கு இளகுது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வேற என்னதான் வேணும் உனக்கு?" என்றார். இன்வெர்ட்டர் தண்ணீர் என்றால் கோபித்துக்கொள்வார், அதனால் விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அண்ணே, கடைசியாக ஒன்று. ஸ்பேஸ் பாருக்கு அடியில் நீளமாக ஒரு கம்பி இருக்கிறதே, இரண்டு கீபோர்டில் அது துரு பிடித்து முறுகிக்கொண்டிருக்கிறது. தனியாகக் கிடைக்குமா?


மண்டபம்_சர்வீஸ்
டிசம்பர் 31, காலை 7.15

தனியாகக் கிடைக்காது. படுத்துவிட்ட கீபோர்டில் இருந்து கழற்றிப் போடு, அதே கம்பெனியாக இருந்தால் பொருந்தும். இன்னொன்றுக்கு என்னிடம் பழையது கிடக்கும், எடுத்து வா. துருவைச் சொரசொரப்புத் தாளால் தேய்த்துவிட்டு, கம்பி மாட்டும் இரண்டு முனையிலும் சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி வை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், கறுத்துப் பிசினாகும். நாளை புது வருஷப் பூசை, கடை திறக்க மாட்டேன். இரண்டாம் தேதி வா.


ராமேஸ்வரம்_லாட்ஜ்
டிசம்பர் 31, காலை 7.40

தங்கச்சிமடம் தம்பி, அந்தப் பச்சைப் பசை மிச்சம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதே. எங்கள் முதலாளியின் அறை இருபத்து நாலு மணி நேரமும் ஏசி, கதவே திறப்பதில்லை. காக்கா சொன்ன கணக்குப்படி அங்கே வேலை செய்ய வேண்டும். இரண்டாம் தேதி மண்டபம் போகும்போது எடுத்து வந்தால் நான் பாம்பன் பஸ் ஸ்டாப்பில் வாங்கிக்கொள்கிறேன். பதிலுக்குக் காலண்டர் உண்டு.